நியூட்ரான் விண்மீன் தரவிலிருந்து அடர் அணுக்கருப் பொருளின் அழுத்தம் வரை: முழுமையான வழிகாட்டி

நியூட்ரான் விண்மீன்களின் நிறை, ஆரம், ஓதத் திரிபு (அருகிலுள்ள விண்மீனின் ஈர்ப்பில் எவ்வளவு உருமாறுகிறது என்பது) ஆகிய அளவீடுகளிலிருந்து, அணுக்கருவை விட அடர்ந்த பொருளில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் இயற்பியல் மாணவர்களுக்காக எழுதியது இது. பொதுச் சார்பியலின் அடிப்படையும், ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்கும் பழக்கமும் இருந்தால் போதும். வேலை முடியும்போது இரண்டு கையில் இருக்க வேண்டும்: ஒவ்வொரு அடர்த்தியிலும் அழுத்தம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று காட்டும் பட்டை, அந்தப் பட்டையின் எந்தப் பகுதியை எந்த அவதானிப்பு இறுக்கியது என்ற விடை.

புதிதாக வருபவர்கள் கணிதத்தில் சறுக்குவதை விட வரிசையில் சறுக்குவதே அதிகம். வெளியான நிறை–ஆர வரைபடம் ஒன்றை எடுத்து, அளவீட்டின் மேல் எந்த வளைகோடு விழுகிறது என்று பார்த்து, நேராக "உள்ளே குவார்க் இருக்கிறது" அல்லது "இல்லை" என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். உட்பொருள் என்ன என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் வருவது அழுத்தம். அதற்கும் முன்னால் வருவது, அந்த அளவீடு எந்த அடர்த்தியைத் தொடுகிறது என்பது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அலகு மாற்றங்களை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். ஒரு கன ஃபெம்டோமீட்டருக்கு 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்பது அழுத்தமாக எடுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.602×10³³ டைன், நிறை அடர்த்தியாக எடுத்தால் கன சென்டிமீட்டருக்கு 1.783×10¹² கிராம். சூரிய நிறையை நீள அலகில் எழுதினால் 1.477 கிமீ. அணுக்கருவியலாளர்கள் முதல் வகை அலகிலும் வானியலாளர்கள் இரண்டாம் வகை அலகிலும் எழுதுவதால், இந்த மாற்றம் ஒவ்வொரு படியிலும் தேவைப்படும்.

அடுத்தது நிறைவு அடர்த்தி. கனமான அணுக்கருக்களின் நடுப்பகுதியில் காணப்படும் அடர்த்தி இது: கன ஃபெம்டோமீட்டருக்கு ஏறத்தாழ 0.16 நியூக்ளியான்கள், கன சென்டிமீட்டருக்கு 2.7×10¹⁴ கிராம். இனி எல்லா அடர்த்தியையும் இதன் மடங்காகவே சொல்லுங்கள். அப்போதுதான் பூமியில் செய்த ஆய்வும் விண்மீனில் செய்த அளவீடும் ஒரே அச்சில் வந்து நிற்கும்.

நிலைச் சமன்பாட்டு அட்டவணைகள் சில வேண்டும்; எந்த அடர்த்தியில் எவ்வளவு அழுத்தம் என்று சொல்வதே நிலைச் சமன்பாடு. காம்போஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. மென்மையானது ஒன்று, விறைப்பானது ஒன்று, இடைப்பட்டது ஒன்று என மூன்று எடுத்தால் தொடங்கலாம். மென்மை என்றால் அடர்த்தி ஏறும்போது அழுத்தம் மெதுவாக ஏறுவது. விறைப்பு என்றால் வேகமாக ஏறுவது.

கடைசியாக, அளவீடுகளின் முழு நிகழ்தகவு மாதிரிகளைப் பதிவிறக்குங்கள். நைசர் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் குழுக்களும் ஈர்ப்பலைக் குழுக்களும் இவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றன. கட்டுரைச் சுருக்கத்தில் உள்ள "ஆரம் இவ்வளவு, பிழை இவ்வளவு" என்ற ஒற்றை வரி போதாது. நிறையும் ஆரமும் ஒன்றோடொன்று பிணைந்தே அளக்கப்படுகின்றன. அந்த வரியில் பிணைப்பு தொலைந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் மிகுதியாகக் காணும் பிழை: துகள் எண் அடர்த்தியை நியூட்ரான் நிறையால் பெருக்கி, அதையே ஆற்றல் அடர்த்தி என்று வைத்துக்கொள்வது. நிறைவு அடர்த்தியில் வேறுபாடு சிறிது. ஐந்து மடங்கு அடர்த்தியில் இடைவினை ஆற்றலும் அழுக்கத்தில் சேர்ந்த ஆற்றலும் கூடி, வேறுபாடு முடிவையே மாற்றும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

2. அடர்த்தி அச்சை வரைந்து, யார் எங்கே பேசுகிறார்கள் என்று குறியுங்கள்

ஒரு தாளில் கிடைக்கோடு போடுங்கள். இடப்பக்கம் நிறைவு அடர்த்தியில் பாதி, வலப்பக்கம் எட்டு மடங்கு. இந்தப் படியில் கணிப்பு எதுவும் இல்லை என்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள். பின்னால் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கே தொடங்குகிறது.

பாதி மடங்கு வரை மேலோடு. அங்கிருந்து ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை, நியூக்ளியான்களுக்கிடையேயான விசையை விவரிக்கும் கைரல் விளைவுக் களக் கோட்பாடு தன் பிழை எல்லையோடு அழுத்தத்தைத் தருகிறது. 1.4 சூரிய நிறை விண்மீனின் ஆரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஒன்று முதல் மூன்று மடங்கு வரையான பகுதி. அதே விண்மீனின் மையம் பெரும்பாலான மாதிரிகளில் இரண்டு முதல் நான்கு மடங்கில் நிற்கும். ஒரு விண்மீன் தாங்கக்கூடிய உச்ச நிறையைத் தீர்மானிப்பதோ அதற்கு மேலே, ஐந்து முதல் எட்டு மடங்கு வரை.

குவார்க்குகளின் குலைவுக் கணக்கு (இடைவினையைச் சிறு திருத்தமாகக் கொள்ளும் தோராயம்) நம்பத்தக்கதாகும் இடம் ஏறத்தாழ நாற்பது மடங்கு. எந்த விண்மீனின் மையமும் அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆகவே இரண்டிலிருந்து எட்டு மடங்கு வரை நேரடிக் கோட்பாட்டுத் துணை கிடையாது. அந்த இடைவெளியில் அவதானிப்புதான் வழிகாட்ட வேண்டும். இந்தத் துறையில் நியூட்ரான் விண்மீனுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததே இந்த இடைவெளியால்தான்.

3. தாழ் அடர்த்தி முனையை இறுக்குங்கள்

மேலோட்டுக்கு ஏற்கெனவே உள்ள அட்டவணை ஒன்றையே பயன்படுத்துங்கள். அங்கே பொருள் அணுக்கருக்களின் பின்னலாக இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.3×10¹¹ கிராமைத் தாண்டும்போது நியூட்ரான்கள் அணுக்கருவிலிருந்து கசியத் தொடங்குகின்றன. இது ஓரளவு நன்கு தெரிந்த இயற்பியல். புதிதாக எழுத வேண்டியதில்லை.

கவனம் வேண்டியது ஒட்டும் இடத்தில். மேலோட்டு அட்டவணை முடியும் புள்ளியில் அழுத்தமும் ஆற்றல் அடர்த்தியும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு சிறு படி விழுந்தாலும் ஆரம் சில நூறு மீட்டர் மாறிவிடும். அளவீட்டின் பிழையே ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது, உங்கள் கணிப்பின் அலட்சியம் அதில் பங்கு கேட்கக் கூடாது.

நிறைவு அடர்த்தியில் தூய நியூட்ரான் பொருளின் அழுத்தத்தை, சமச்சீர் ஆற்றலின் (புரோட்டானும் நியூட்ரானும் சமமாக இல்லாததால் கூடும் ஆற்றல்) சரிவு என்ற அளவு தருகிறது: சரிவை நிறைவு அடர்த்தியால் பெருக்கி மூன்றால் வகுங்கள். சரிவு 60 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்றால் அழுத்தம் கன ஃபெம்டோமீட்டருக்கு 3.2 மெகா எலெக்ட்ரான் வோல்ட்.

இந்தச் சரிவை ஆய்வகத்தில் அளக்க முயன்றிருக்கிறார்கள். காரீயம்-208 அணுக்கருவின் நியூட்ரான் தோல் (புரோட்டான்களைத் தாண்டி நியூட்ரான்கள் பரவிய வெளி அடுக்கு) தடிமன் 0.283 ± 0.071 ஃபெம்டோமீட்டர் என்று பிரெக்ஸ் ஆய்வு 2021-இல் சொன்னது. அதிலிருந்து சரிவு 106 ± 37 என்று கணித்தார்கள். கால்சியம்-48 மீது செய்த கிரெக்ஸ் ஆய்வு 2022-இல் மெல்லிய தோலைக் கண்டது. அது தாழ்ந்த சரிவின் பக்கம் இழுக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விடுவது பரவலான பிழை. இரண்டையும் சேருங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிட்டு அகன்ற வரம்பு வையுங்கள்.

4. விண்மீனைக் கட்டுங்கள், கட்டியதைச் சோதியுங்கள்

நிலைச் சமன்பாட்டிலிருந்து விண்மீனுக்குப் போகும் பாலம், 1939-இல் வந்த டோல்மன்–ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் சமன்பாடுகள். மைய அழுத்தம் ஒன்றைக் கொடுத்து வெளிநோக்கித் தொகையிட்டுக்கொண்டே போனால், அழுத்தம் பூச்சியமாகும் இடம் ஆரம். அதுவரை சேர்ந்தது நிறை. மைய அழுத்தத்தை மாற்றி மாற்றி இதைச் செய்தால் ஒரு நிறை–ஆர வளைகோடு கிடைக்கும்.

நியூட்டன் வடிவத்திலிருந்து இது மூன்று இடங்களில் மாறுபடுவதை மனத்தில் நிறுத்துங்கள். ஆற்றல் அடர்த்தியோடு அழுத்தம் சேர்கிறது. உள்ளடங்கிய நிறையோடும் அழுத்தம் சேர்கிறது. வகுக்கும் பக்கத்தில் ஆரம் சுருங்குகிறது. விண்மீனைத் தாங்கும் அழுத்தமே அதன் எடையையும் கூட்டுகிறது. எவ்வளவு விறைப்பான பொருளாக இருந்தாலும் ஓர் உச்ச நிறை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தொகையீட்டைச் சரியாக மையத்தில் தொடங்காதீர்கள். வகுத்தியில் பூச்சியம் வரும். மையத்துக்குச் சற்று வெளியே, சீரான அடர்த்தி என்று கொண்டு தொடங்குங்கள். மேற்பரப்பு அருகே அழுத்தம் பல அடுக்குகள் சரியும். அங்கே படி நீளம் தானாகச் சுருங்கும் முறையே பாதுகாப்பு.

பிறகு மூன்று சோதனைகள். சீரான அடர்த்தி கொண்ட விண்மீனுக்குத் துல்லியத் தீர்வு உண்டு. உங்கள் நிரல் அதைத் திருப்பித் தர வேண்டும். இடைவினையற்ற நியூட்ரான் வளிமத்துக்கு உச்ச நிறை 0.7 சூரிய நிறை வர வேண்டும். மூன்றாவதாக, எஸ்எல்ஒய் என்ற அட்டவணையைக் கொடுத்தால் உச்ச நிறை 2.05-ம், 1.4 சூரிய நிறையில் ஆரம் ஏறத்தாழ 11.7 கிமீ-யும் வர வேண்டும். இம்மூன்றும் தேறாத நிரலை அடுத்த படிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நிறை உச்சத்தைத் தொட்ட பிறகும் மைய அடர்த்தியை ஏற்றினால் வளைகோடு திரும்பிக் கீழே வரும். அந்தக் கிளையில் உள்ளவை நிலையற்றவை, நீக்கிவிடுங்கள். நிலைமாற்றம் (பொருள் வேறொரு வடிவத்துக்கு மாறுவது) உள்ள சமன்பாடுகளில் மட்டும், இடையில் அறுந்து மீண்டும் ஏறும் இரண்டாம் நிலைத்த கிளை ஒன்று வரலாம். முதல் உச்சத்தோடு நின்றுவிடும் நிரல் அதைத் தவறவிடும்.

5. நிறையை முதலில் வையுங்கள்

அவதானிப்புகளில் மிகத் தூய்மையானது இரட்டை அமைப்பில் உள்ள துடிவிண்மீனின், அதாவது சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனின், நிறை. துணை விண்மீனின் அருகே வரும் ரேடியோத் துடிப்பு சற்றுத் தாமதமாகிறது. ஷபீரோ தாமதம் எனப்படும் இதன் அளவும் வடிவமும் துணையின் நிறையையும் சுற்றுப்பாதையின் சாய்வையும் தருகின்றன. அவற்றோடு சுற்றுப்பாதை இயக்கத்தைச் சேர்த்தால் துடிவிண்மீனின் நிறை கிடைக்கும். இதில் விண்மீனின் உட்பொருள் பற்றிய ஊகம் எதுவும் நுழைவதில்லை. அதனால்தான் இது முதலில் வருகிறது.

2010-இல் பிஎஸ்ஆர் ஜே1614−2230 துடிவிண்மீனுக்கு 1.97 சூரிய நிறை என்று வந்தது. நீண்ட தரவுக்குப் பிறகு அது 1.91 அருகே நிலைத்தது. 2013-இல் ஜே0348+0432-க்கு 2.01 ± 0.04 என்று வந்தது; பின்னர் வந்த ஆய்வு அதை 1.81 அருகே இறக்கியது. ஜே0740+6620-க்கு 2019-இல் 2.14 என்றும், 2021-இல் திருத்தி 2.08 ± 0.07 என்றும் வந்தது. எப்போதும் கடைசியாக வந்த மதிப்பை எடுங்கள். பழைய கட்டுரையிலிருந்து 2.14-ஐ எடுத்துப் போட்டு, தேவையில்லாமல் நல்ல மாதிரிகளை விலக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உச்ச நிறை இரண்டு சூரிய நிறைக்கு எட்டாத எந்தச் சமன்பாடும் இங்கேயே விழுகிறது. இடைவினையற்ற வளிமத்தின் 0.7-ஐ இதோடு ஒப்பிட்டால், நெருங்கிய நியூக்ளியான்களின் விலக்கு விசை எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பது தெரியும்.

ஹைப்பெரான் சிக்கல் எழுவதும் இந்த இடத்தில்தான். நிறைவு அடர்த்தியின் இரண்டு, மூன்று மடங்கில் லாம்டா ஹைப்பெரான் (விந்தைக் குவார்க் கொண்ட, நியூக்ளியான் போன்ற துகள்) தோன்றுவது ஆற்றல் கணக்கில் இயல்பு. அது தோன்றினால் அழுத்தம் தளர்ந்து உச்ச நிறை சரிகிறது. இரண்டு சூரிய நிறை விண்மீன் கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே, ஹைப்பெரான்களுக்கிடையே அல்லது மூன்று துகள்களுக்கிடையே கூடுதல் விலக்கு விசை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை தோன்றுவது தள்ளிப்போக வேண்டும்.

ஒலி வேகம் பற்றியும் ஒரு செய்தி கிடைக்கிறது. மிக உயர்ந்த அடர்த்தியில் ஒலி வேகத்தின் வர்க்கம், ஒளி வேக வர்க்கத்தின் மூன்றில் ஒரு பங்கை நெருங்க வேண்டும் என்று குவார்க் கோட்பாடு சொல்கிறது. தாழ் அடர்த்தியில் தெரிந்த அழுத்தத்திலிருந்து தொடங்கி, எங்கும் அந்த வரம்பைத் தாண்டாமல் இரண்டு சூரிய நிறையைத் தாங்குவது மிகக் கடினம். ஒலி வேகம் நடுவில் ஏறி, பிறகு இறங்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வுகள் காட்டும் வடிவம்.

இந்தப் படியில் இரண்டு பிழைகள். ஒன்று, 2.0 என்று கோடு போட்டு 1.99-ஐ வெட்டுவது. அளவீட்டுக்குப் பிழைப் பரவல் உண்டு. அதை அப்படியே நிகழ்தகவாகப் பயன்படுத்துங்கள். மற்றது, எல்லா நிறைகளையும் ஒரே நம்பகத்தோடு எடுப்பது. ஜே0952−0607-க்கு 2022-இல் 2.35 ± 0.17 என்று அறிவித்தார்கள். அது சூடேறிய துணை விண்மீனின் ஒளி மாதிரியைச் சார்ந்தது, ஷபீரோ தாமதம் போல நேரானது அன்று. ஜிடபிள்யூ190814 என்ற ஈர்ப்பலை நிகழ்வில் இருந்த 2.6 சூரிய நிறைப் பொருள் கருந்துளையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதை உச்ச நிறையாக வைத்துக் கணக்கிட்டால் முழுப் பட்டையும் மேலே ஏறிவிடும்.

6. அடுத்து ஆரம்: எக்ஸ் கதிர்த் துடிப்பு வடிவம்

2017-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்திய நைசர் தொலைநோக்கி, சுழலும் விண்மீனின் சூடான புள்ளிகளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை நேரத்துல்லியத்தோடு பதிவு செய்ய அமைந்தது. ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், மறுபக்கம் போன புள்ளியும் ஓரளவு தெரிந்துகொண்டே இருக்கும். நிறையை ஆரத்தால் வகுத்த விகிதம் கூடக் கூட இந்த வளைவு மிகும், துடிப்பு மழுங்கும். அந்த மழுங்கலில்தான் ஆரத்தின் தடயம் இருக்கிறது.

ஜே0030+0451 தனித்த துடிவிண்மீன். துணை இல்லாததால் ரேடியோவழி நிறை கிடைக்காது. நிறையையும் ஆரத்தையும் ஒரே துடிப்பு வடிவிலிருந்து எடுக்க வேண்டும். 2019-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன: ஒன்று 1.34 சூரிய நிறை, 12.7 கிமீ என்றது, மற்றது 1.44, 13.0 கிமீ என்றது. பிழை இரு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2024-இல் வந்த மறு ஆய்வில், புள்ளிகளின் வடிவத்தை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 11.7 கிமீ அருகே ஒரு விடையும் 14.4 கிமீ அருகே இன்னொரு விடையும் வந்தன. இந்த விண்மீனை எடுத்தால், எந்த ஆய்வை எடுத்தீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

ஜே0740+6620-க்கு நிறை ரேடியோவழி தெரியும் என்பது பெரிய வசதி. ஒளி மங்கல் என்பதால், எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் தரவைச் சேர்த்துப் பின்னணியைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 2021-இல் ஒரு குழு 12.4 கிமீ என்றது, மற்றது 13.7 கிமீ என்றது. ஜே0437−4715 பூமிக்கு மிக அருகிலுள்ள மில்லிநொடித் துடிவிண்மீன். 2024-இல் வந்த முடிவு: 1.418 ± 0.037 சூரிய நிறை, ஆரம் 11.4 கிமீ, பிழை மேலே 0.95, கீழே 0.63.

இப்போது இவை பொருளைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஆரத்தின் நான்காம் அடுக்கு, நிறைவு அடர்த்தியை ஒட்டி ஒன்று முதல் இரண்டு மடங்கில் உள்ள அழுத்தத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் நடக்கிறது. ஆகவே ஆரத்தில் 5 சதவீதப் பிழை அழுத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடும். ஒரு கிலோமீட்டர் துல்லியத்துக்காக இத்தனை பேர் இவ்வளவு பாடுபடுவது இதனால்தான்.

இன்னும் சுவையானது, 1.4 சூரிய நிறையிலும் 2.1 சூரிய நிறையிலும் ஆரம் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது. நிறை ஒன்றரை மடங்காகியும் விண்மீன் சுருங்கவில்லை என்றால், இரண்டு முதல் ஐந்து மடங்கு அடர்த்திக்கு இடையே அழுத்தம் பெரிதாகத் தளரவில்லை. அந்தப் பகுதியில் வலுவான நிலைமாற்றம் ஒன்று நடந்திருந்தால் கனமான விண்மீன் குறுகியிருக்க வேண்டும். என் கணிப்பில், நைசர் தந்தவற்றில் மிக மதிப்புள்ள செய்தி இந்த ஒப்பீடுதான். எந்த ஒரு விண்மீனின் தனி ஆரத்தையும் விட இதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

பிழைகள்: இரு குழுக்களின் முடிவையும் இரண்டு அளவீடுகளாகப் பெருக்குவது முதலாவது. இரண்டும் ஒரே ஒளித்துகள்களிலிருந்து வந்தவை; பெருக்கினால் பிழை பொய்யாகச் சுருங்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டு மாதிரிகளையும் சம எடையில் கலந்துவிடுங்கள். இரண்டாவது, நிறையை இரு முறை எண்ணுவது. ஜே0740-இன் ரேடியோ நிறை நைசர் ஆய்வுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஐந்தாம் படியில் வைத்த அதே நிறையை இங்கே வரும்போது எடுத்துவிட வேண்டும்.

7. ஓதத் திரிபு: ஈர்ப்பலை

2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பலை உணர்கருவிகள் பதிவு செய்த ஜிடபிள்யூ170817, சுமார் 40 மெகா பார்செக் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த நிகழ்வு. நெருங்கிச் சுழலும்போது ஒன்றின் ஈர்ப்பு மற்றதை நீட்டி உருமாற்றுகிறது. உருமாற்றம் சுற்றுப்பாதையின் ஆற்றலை உறிஞ்சுவதால், அலையின் கட்டம் சற்று முந்துகிறது. பெரிய, தளர்ந்த விண்மீன் அதிகம் நீளும். கருந்துளைக்கு இந்த எண் பூச்சியம்.

பரிமாணமற்ற ஓதத் திரிபு எண் ஆர–நிறை விகிதத்தின் ஐந்தாம் அடுக்கைச் சார்ந்தது. நிறை மாறாமல் ஆரம் 11-லிருந்து 13 கிமீ-க்கு ஏறினால் ஐந்தாம் அடுக்கு மட்டுமே 2.3 மடங்கு கூட்டும். அதனால்தான் திரிபு எண்ணில் பெரிய பிழை இருந்தும் ஆரத்தில் பயனுள்ள வரம்பு கிடைக்கிறது.

இதைக் கணிக்க, நான்காம் படியின் சமன்பாடுகளோடு இன்னொரு வகைக்கெழுச் சமன்பாட்டையும் சேர்த்துத் தொகையிட்டு, ஓதத்துக்கு விண்மீன் எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்று சொல்லும் லவ் எண்ணைப் பெற வேண்டும். அடர்த்தி திடீரெனத் தாவும் நிலைமாற்றம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு திருத்த உறுப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் விடை தவறும், ஆனால் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது.

அலை தருவது தனித்தனித் திரிபு எண்களை அன்று. நிறைகளால் எடையிட்ட ஒரு கூட்டு எண்ணை. முதல் ஆய்வில் அது குறை சுழற்சி ஊகத்தில் 800-க்குக் கீழ் என்று வந்தது. பின்னர் மறு ஆய்வில் 300-ஐ ஒட்டி, மேலே 420, கீழே 230 என்ற பிழையோடு வந்தது. இரு விண்மீன்களும் ஒரே நிலைச் சமன்பாட்டைப் பின்பற்றுகின்றன என்றும், அது 1.97 சூரிய நிறையைத் தாங்குகிறது என்றும் கொண்டு ஆராய்ந்ததில் ஆரம் 11.9 ± 1.4 கிமீ. நிறைவு அடர்த்தியின் இரு மடங்கில் அழுத்தம் 3.5×10³⁴ டைன்/சதுர சென்டிமீட்டர். பிழை மேலே 2.7, கீழே 1.7. அணுக்கரு அலகில் இது கன ஃபெம்டோமீட்டருக்கு சுமார் 22 மெகா எலெக்ட்ரான் வோல்ட். எம்எஸ்1 போன்ற மிக விறைப்பான பழைய மாதிரிகளை வெளியேற்றியது இந்த ஒரே நிகழ்வு.

அழுத்தத்துக்கு மேல்வரம்பு இறுக்கமாகவும் கீழ்வரம்பு தளர்வாகவும் இருப்பதைக் கவனியுங்கள். கீழே இருந்து இறுக்குவது நிறை அளவீடு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நெருக்குவதால்தான் பட்டை பயனுள்ள அளவுக்கு ஒடுங்குகிறது. இணைப்பின் பின்னொளியிலிருந்தும் வரம்புகள் எடுக்கிறார்கள்: உடனே கருந்துளையாகச் சரியவில்லை என்பதிலிருந்து கீழ்வரம்பு, பிறகு சரிந்தது என்ற ஊகத்திலிருந்து உச்ச நிறைக்கு 2.2–2.3 அளவில் மேல்வரம்பு. இவை உருவகப்படுத்தல்களையும் ஊகங்களையும் சார்ந்தவை. முதன்மைக் கணக்கில் சேர்க்காமல், பின்னர் தனியே சேர்த்து என்ன மாறுகிறது என்று பார்ப்பதே முறை.

8. எல்லாவற்றையும் சேருங்கள்

இங்கே தேவைப்படுவது பேயீசிய முறை. ஆயிரக்கணக்கில் நிலைச் சமன்பாடுகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் மேற்கண்ட அளவீடுகளுக்கு எதிராக எடை போடுகிறோம். சமன்பாடுகளை உருவாக்கும் முறைகள் பல: துண்டு துண்டான பாலிட்ரோப் (அழுத்தத்தை அடர்த்தியின் ஓர் அடுக்காக எழுதுவது), ஒலி வேகத்தை அடர்த்தியின் சார்பாக அமைப்பது, காஸிய செயல்முறை. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒலி வேக முறை. ஒலி வேகம் ஒளி வேகத்தைத் தாண்டக் கூடாது, எதிர்மறை ஆகக் கூடாது என்ற இரு நிபந்தனைகளையும் அதில் நேரடியாக வைக்க முடியும். பாலிட்ரோப் துண்டுகள் சேரும் இடங்களில் ஒலி வேகம் தாவும். அந்தத் தாவலை இயற்பியல் என்று எண்ணிப் பொருள் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

தரவைத் தொடும் முன், முன்நிகழ்தகவிலிருந்து (தரவுக்கு முன்பே நீங்கள் கொடுக்கும் நிகழ்தகவு) மட்டும் வரும் பட்டையை வரையுங்கள். இதை விட முக்கியமான ஒரு படி இந்த வழிகாட்டியில் இல்லை. அளவீடு எதுவும் சேர்க்காமலே இரு மடங்கு அடர்த்தியில் உங்கள் பட்டை ஒடுங்கியிருந்தால், இறுதியில் வரும் ஒடுக்கம் விண்மீன் தந்ததன்று. நீங்கள் தேர்ந்த சார்பு தந்தது. சீரான சார்புகளை மட்டும் உருவாக்கிவிட்டு, "நிலைமாற்றத்துக்குச் சான்று இல்லை" என்று எழுதப்பட்ட முடிவுகள் பலவற்றில் இந்தக் கோளாறு இருக்கிறது. திடீர்த் தளர்வுக்கு முன்பே இடம் கொடுத்திருந்தால்தான் தரவு அதை மறுக்க முடியும்.

அடுத்தது விண்மீன்களின் நிறைப் பரவல். ஒரு சமன்பாட்டின் உச்ச நிறை 2.1, இன்னொன்றின் உச்ச நிறை 2.8 என்றால், நிறைக்கான முன்நிகழ்தகவை ஒவ்வொன்றின் உச்சம் வரை பரப்பி ஒன்றாக இயல்பாக்குகிறீர்களா, எல்லாவற்றுக்கும் பொதுவான வரம்பு வைக்கிறீர்களா? முதல் முறையில், 2.5 சூரிய நிறையில் ஒரு விண்மீனும் காணவில்லை என்பதே 2.8-க்கு எதிரான சான்றாகிறது. இரண்டாவதில் அப்படி ஆவதில்லை. இரண்டுக்கும் வாதம் உண்டு. எதைச் செய்தோம் என்று தெரியாமல் செய்வதற்குத்தான் வாதம் இல்லை.

ஒவ்வொரு அளவீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பட்டையைச் சேமியுங்கள்: தாழ் அடர்த்திக் கோட்பாடு, பிறகு நிறை, பிறகு ஈர்ப்பலை, பிறகு ஆரங்கள். இரண்டாம் படியில் வரைந்த அச்சை இதன் அருகே வைத்தால், ஒவ்வொன்றும் எதிர்பார்த்த இடத்தில் இறுக்குகிறதா என்று தெரியும். நிறை அளவீடு ஒன்றரை மடங்கு அடர்த்தியில் மட்டும் பட்டையை ஒடுக்கினால், நிரலில் கோளாறு தேடத் தொடங்குங்கள்.

9. இதற்குப் பிறகே உட்பொருள் பற்றிக் கேளுங்கள்

நிறையும் ஆரமும் ஓதத் திரிபும் அழுத்தத்தை மட்டுமே அறிகின்றன. நியூக்ளியான்கள் மட்டும் உள்ள பொருளும், நடுவே குவார்க் கொண்ட பொருளும் ஒரே அழுத்த வளைகோட்டைத் தந்தால், இந்த மூன்றாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. பட்டையின் மேல்முனையில் ஒலி வேகம் மூன்றில் ஒரு பங்கை நோக்கி இறங்குவதைக் குவார்க் பொருளின் அறிகுறி என்று சொல்வதுண்டு. அந்த முனையில் தரவு மிகக் குறைவு. நாற்பது மடங்கில் வைத்த கோட்பாட்டு நிபந்தனை கீழ்நோக்கி எப்படி நீட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து அந்த இறக்கம் மாறும்.

உட்பொருளைக் கேட்க, குளிர்தலைப் பாருங்கள். புரோட்டான் பங்கு சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால் நேரடி உர்கா வினை (நியூட்ரானும் புரோட்டானும் ஒன்று மற்றதாக மாறி நியூட்ரினோக்களை வெளியேற்றுவது) திறக்கும். மியூவான்கள் சேர்ந்தால் இந்த வரம்பு சற்று ஏறும். அப்போது நியூட்ரினோக்கள் வழியே விண்மீன் மிக விரைவாகக் குளிரும். எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4−3658 என்ற நியூட்ரான் விண்மீன் அமைதியாக இருக்கும் காலத்தில் மிகவும் மங்கலாக இருக்கிறது. விரைந்த குளிர்தல் ஏதோ ஒன்று அதற்குத் தேவை. புரோட்டான் பங்கைத் தீர்மானிப்பது சமச்சீர் ஆற்றல் என்பதால், மூன்றாம் படியின் அளவு இங்கே உயர் அடர்த்தியில் மீண்டும் வருகிறது.

ஹைப்பெரானும் குவார்க்கும் கூட விரைந்த குளிர்தலைத் தரலாம். மீப்பாய்மம் (உராய்வின்றி ஓடும் நிலை) அதை அடக்கலாம். கேசியோபியா ஏ எச்சத்தில் உள்ள இளம் விண்மீன் சில ஆண்டுகளில் குளிர்ந்ததாக 2010-இல் அறிவித்தபோது, நியூட்ரான்கள் மீப்பாய்மம் ஆவதற்கான சான்று என்று கொண்டார்கள். உணர்கருவியின் மாற்றங்களைக் கணக்கில் எடுத்தபோது அந்தச் சரிவின் அளவு கேள்விக்குள்ளானது. குளிர்தல் தரவை எடுக்கும்போது கருவியின் அளவுத்திருத்த வரலாற்றைப் படித்துவிட்டு எடுங்கள்.

10. முடிவை வெளியிடும் முன்

ஒவ்வொரு அளவீட்டையும் ஒரு முறை விலக்கிவிட்டு முழுக் கணிப்பையும் மீண்டும் ஓட்டுங்கள். ஏதாவது ஒன்றை எடுத்தவுடன் உங்கள் முக்கிய முடிவு சரிந்தால், முடிவை எழுதும் அதே வாக்கியத்தில் அந்த விண்மீனின் பெயரும் இருக்க வேண்டும்.

ஹெச்இஎஸ்எஸ் ஜே1731−347 போன்ற விந்தை அளவீடுகளையும் இதே முறையில் நடத்துங்கள். 0.77 சூரிய நிறை, 10.4 கிமீ என்று 2022-இல் வந்த அந்த முடிவு, தொலைவையும் கரிம வளிமண்டலம் என்ற ஊகத்தையும் சார்ந்தது. சேர்த்து ஒரு பட்டை, சேர்க்காமல் ஒரு பட்டை என இரண்டும் காட்டுங்கள்.

எழுதும் எண்களில் குறைந்தது இவை இருக்கட்டும்: இரண்டு, நான்கு, ஆறு மடங்கு அடர்த்தியில் அழுத்தம், 1.4, 2.0 சூரிய நிறைகளில் ஆரம், உச்ச நிறை, உச்ச நிறை விண்மீனின் மைய அடர்த்தி. கடைசி எண் ஆறு மடங்குக்குக் கீழே வந்தால், ஆறு மடங்கில் நீங்கள் சொல்லும் அழுத்தத்தை எந்த விண்மீனும் தொடவில்லை. அந்த வரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.